கடைமடைக்கு வந்த குரல்

மேட்டூர் அணையில் நீர் திறந்துவிட்டார்கள் என்று நாளேட்டில் செய்தி வந்த அன்றே நன்னிலம் பக்கத்து உழவர் எவரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடிவிடுவதில்லை. அந்த நீர் முதலில் கல்லணைக்கு வந்து சேர வேண்டும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிய வேண்டும். பின்னர் முடிகொண்டான், திருமலைராஜன் போன்ற கிளையாறுகளில் நுழைந்து, பெரிய வாய்க்கால், சிறிய வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி, ஈற்றில் வயலின் மடைவாயைத் தொட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மதகு. ஒவ்வொரு மதகிலும் ஏற்றி இறக்கும் ஒரு பலகை. மேலே எத்தனை ஆயிரம் கன அடி விட்டாலும் சரி, இடையில் ஒரு பலகை இறங்கி நின்றுவிட்டால் கடைமடைக்காரர் காண்பது வாய்க்காலின் ஈரத்தை மட்டுமே.

கணிப்பொறியில் ஒலி குறைந்து கேட்பதைப் பற்றி எழுத அமர்ந்தவர்கள் ஆற்றுப் பாசனத்தைப் பற்றிப் பேசுவதேன் என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். காரணம் உண்டு. எங்கள் இல்லத்துக் கணிப்பொறியில் ஒரு குரல் தேய்ந்து தேய்ந்து கேளாமலே போய்விட்டபோது, அதைத் தேடிப் பிடிக்க எங்களுக்குக் கைகொடுத்தது தந்தையாரின் பழைய பாசன அறிவுதான். அதுவன்றி வேறு உவமை எங்களுக்குத் தெரியவும் தெரியாது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருப்பது உதிரிப் பாகங்களை வாங்கிக் கோத்துச் செய்த பழைய மேசைக் கணிப்பொறி. அதில் முன்பு விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி எங்கள் பெட்டிக்கு இல்லை. புதிதாக ஒன்று வாங்கக் கையில் பணமும் இல்லை. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள்தான் இணையத்திலிருந்து லினக்ஸை இறக்கி, விரல் அளவுள்ள ஒரு நினைவுக்குச்சியில் ஏற்றி, ஒரு பிற்பகலில் நிறுவி முடித்தாள். செலவு ஏதும் இல்லை. கிழட்டுப் பெட்டி மறுபடியும் சுறுசுறுப்பாக நடமாடத் தொடங்கியது.

லினக்ஸ் என்பது கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள். 1991-ஆம் ஆண்டில் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் தொடங்கிவைத்தது. எவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். நம் நாட்டில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 2007-இல் பாஸ் லினக்ஸ் என்ற இந்தியப் பதிப்பை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு இந்தப் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அத்தகைய மடிக்கணினி ஒன்று உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே லினக்ஸ் என்பது எங்கோ இருக்கும் அறிவியலாளரின் கருவி என்று எண்ண வேண்டியதில்லை.

இனி அந்தக் குரலுக்கு வருவோம்.

எங்கள் அம்மாவுக்கு வயது 79. எங்கள் தம்பி, அம்மாவுக்குச் ‘சின்னவன்’, சிங்கப்பூரில் பணிபுரிகிறார். ஞாயிறுதோறும் மாலை 7 மணிக்கு, அதாவது அவர்களுக்கு இரவு 9.30-க்கு, காணொளி அழைப்பில் பேசுவது வழக்கம். கைபேசியில் முகம் மிகச் சிறிதாகத் தெரிவதால் அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. கணிப்பொறித் திரையில் பேத்தியின் முன்பல் விழுந்த இடம்கூடத் தெரிகிறதாம். எனவே கூடத்தில் நாற்காலியைப் போட்டு, நல்ல புடவை கட்டி, பத்து நிமிடம் முன்னதாகவே வந்து அமர்ந்துவிடுவார்கள்.

ஆனால் சில வாரங்களாக அம்மா பேசுவது குறைந்துகொண்டே வந்தது. திரையைப் பார்த்துச் சிரிப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், எதைக் கேட்டாலும் ‘சரிப்பா, சரிப்பா’ என்பார்கள். ஒரு ஞாயிறன்று தம்பி ஒரு முக்கியமான செய்தியைப் பேசினார். அவர் பங்கில் உள்ள ஆறு மா நிலத்தை, நம் கணக்கில் ஏறத்தாழ 2 ஏக்கர், விற்றுவிடலாமா, அம்மாவுக்குச் சம்மதந்தானா என்று கேட்டார். பத்திரம் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அம்மா வழக்கம்போல், ‘சரிப்பா, சரிப்பா. பிள்ளைக்குச் சளி விட்டுச்சா?’ என்றார்கள். தம்பிக்கு மனநிறைவு. அழைப்பு முடிந்தது.

எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. திரையருகே குனிந்திருந்த எங்களுக்கே அவருடைய சொற்கள் அரைகுறையாகத்தான் எட்டின. அன்றிரவே சோறு பரிமாறும்போது, ‘நிலத்துக்குச் சரின்னு சொல்லிட்டீங்களே அம்மா, யோசிச்சுத்தான் சொன்னீங்களா?’ என்று கேட்டோம். அம்மா கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்துவிட்டார்கள். ‘எந்த நிலத்துக்கு?’ என்றார்கள்.

பிறகு மெல்ல மெல்லச் செய்தி வெளிவந்தது. தமக்குக் காது போய்விட்டது என்று அம்மா தாமாகவே முடிவு கட்டியிருந்தார்கள். வெளியே சொன்னால் பிள்ளைகளுக்குச் செலவு, சின்னவனுக்குக் கவலை. ஆகையால் கேட்டதுபோல் தலையசைத்து வந்திருக்கிறார்கள். ‘அடுத்த வாரத்திலேருந்து நீங்களே பேசிக்குங்க, நான் உள்ளே இருந்துக்கிறேன்’ என்றும் சொன்னார்கள். செவி மங்குவதைவிட இந்த ஒதுங்குதல் பெருந்துன்பமானது என்பதை முதியோர் உள்ள இல்லத்தார் அறிவர். உலக நல நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை, உலகில் 150 கோடிப் பேர் ஏதோ ஓர் அளவில் செவிக்குறை உடையவர்கள் எனக் கூறுகிறது. அவர்களில் எத்தனை பேர் நம் அம்மாவைப்போல் கூடத்தைவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார்களோ!

காதா, கணிப்பொறியா? இதை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. திருவாரூரில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஒலிபுகாத சிற்றறையில் அமர்த்தி, தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை ஒவ்வொன்றாக எழுப்பி, கேட்டால் கையை உயர்த்தச் சொல்லும் சோதனை அது. முடிவு இதுதான்: வலக்காதில் கீச்சொலிகள் சற்றுக் குறைவு, இடக்காது வயதுக்கு மிக நன்று. முதுமையில் முதலில் மறைவது இந்த உயர்ந்த சுருதி ஒலிகளே. அதனால் ‘அ’, ‘ஆ’ என்ற உயிரொலிகள் காதில் விழும். ச, ட, த போன்ற மெய்யொலிகள் மழுங்கும். பேச்சு நடப்பது தெரியும், என்ன பேச்சு என்பது தெரியாது. ஆயினும் எதிரில் அமர்ந்து பேசும் எங்கள் பேச்சை முழுவதும் கேட்கிற அம்மாவுக்குத் தம்பியின் பேச்சு மட்டும் கேளாமற்போக இந்தக் குறை போதாது. அப்படியாயின் வழியில் எங்கோ பலகை இறங்கி நிற்கிறது.

தந்தையார் காலத்தில் வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் அவர் உடனே லஸ்கரைத் தேடிப் போய்ச் சண்டையிட மாட்டார். முதலில், மேலே தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று விசாரிப்பார். விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால், தம் வயலின் மடைவாயில் தொடங்கி, வாய்க்காலின் கரையோடு மேல்நோக்கி நடப்பார். ஒவ்வொரு மடையாகப் பார்த்துக்கொண்டே போவார். எந்த இடத்தில் மேற்பக்கம் நீர் நிறைந்தும் கீழ்ப்பக்கம் வற்றியும் இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. கணிப்பொறியில் ஒலி தேடவும் இதனினும் நல்ல முறை கிடையாது என்பதை நாங்கள் அனுபவத்தில் கண்டோம். ஆளுக்கொரு திருகைத் திருகிவிட்டு, எதனால் மாறியது என்றே தெரியாமல் நிற்பவர்கள்தாம் மிகுதி.

மேலே தண்ணீர் விட்டிருக்கிறார்களா? அதாவது, தம்பி பேசும் ஒலிவாங்கியே மந்தமாக இருந்தால் இங்கே எதைத் திருகியும் பயனில்லை. இதை அறிய எளிய வழி, நம்மிடமே உள்ள, நன்றாகப் பதிவான ஓர் ஒலியை ஓட்டிப் பார்ப்பது. மகள் தன் கைபேசியில் கணீரெனக் கேட்கும் ஒரு பதிவைக் கணிப்பொறிக்கு மாற்றி ஓட்டினாள். அதுவும் முனகிற்று. ஆகவே சிங்கப்பூரின்மேல் குற்றமில்லை, கோளாறு நன்னிலத்தில்தான்.

இனிக் கீழிருந்து மேலே. கடைசி மடை ஒலிபெருக்கி. எங்களுடையது சுவர் மின்சாரத்தில் இயங்குவது. அதற்கென்று தனித் திருகு உண்டு. அதை முழுவதும் ஏற்றினோம். குரல் சிறிதே ஏறியது; அதைவிட மிகுதியாக ‘உஸ்’ என்ற இரைச்சல் ஏறியது. இந்த இரைச்சல் ஒரு நல்ல சாட்சி. ஒலிபெருக்கிக்கு வலிமை இருக்கிறது, அதற்குள் வந்து சேரும் குரல்தான் மெலிந்திருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. மெலிந்து வந்ததைக் கடைசி இடத்தில் பெருக்கினால் கூடவந்த குப்பையும் சேர்ந்தே பெருகும். பலர் இந்த இடத்தில் ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிவிடுகிறார்கள். ஓர் உண்மைச் சோதனை போதும்: ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு அதே துளையில் காதணியொலிபெருக்கியை, நம் பிள்ளைகள் ‘இயர்போன்’ என்கிறார்களே அதை, செருகிக் கேட்பது.

கணிப்பொறியின் பின்புறத்தில் வண்ணத் துளைகள் இருக்கும். பச்சை நிறத் துளைதான் ஒலி வெளிவருவது. இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு உரியது. நீலம் வேறு கருவியின் ஒலியை உள்ளே வாங்குவது. பச்சையில் இயர்போனைச் செருகினோம், அதிலும் முனகல்தான். ஒலிபெருக்கி விடுதலை பெற்றது. பிறகு அதையே பெட்டியின் முன்புறத் துளையில் செருகினாள் மகள். ‘அப்பா, இங்கே நல்லாக் கேட்குது!’ என்றாள். முன் வாய்க்காலில் நீர் ஓடுகிறது. பின் வாய்க்காலில் இல்லை. இரண்டும் பிரிகிற இடத்திற்கும் பின் துளைக்கும் இடையில்தான் அடைப்பு என்பது ஐயமறத் தெரிந்தது. அரைநாள் வேலையைக் குறைத்தது அந்த ஒரு சோதனை.

இவ்விடத்தில் லினக்ஸில் ஒலி செல்லும் வழியைச் சற்றுச் சொல்ல வேண்டும். அடித்தளத்தில், ஒலியட்டை என்னும் வன்பொருளோடு நேரே பேசுவது ‘ஆல்சா’. செக் நாட்டவரான யாரொஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய பணி அது; 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6-இன் உள்ளேயே இடம்பெற்றுவிட்டது. அதன்மேல் நின்று, பாடல், அழைப்பு, மணியோசை எனப் பலவற்றையும் ஒன்றுகலந்து அனுப்புவது முன்பு ‘பல்ஸ்ஆடியோ’; அண்மை ஆண்டுகளில் பல பதிப்புகளில் அவ்விடத்தைப் ‘பைப்வயர்’ பெற்றுள்ளது. அதற்கும் மேலே நாம் பயன்படுத்தும் செயலிகள். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செயலி, கலப்பான், ஒலியட்டை ஆகிய மூன்று இடங்களிலும் தனித்தனி மதகு உண்டு; ஒன்றை ஏற்றினால் மற்றது தானாக ஏறிவிடும் என்று நம்பக்கூடாது. நினைவில் நிற்க வேண்டியது இவ்வளவே.

திரையின் மூலையில் தெரியும் ஒலிச் சின்னத்தைச் சொடுக்கி முழுவதும் ஏற்றிவிட்டு, ‘எல்லாம் 100-இல்தான் இருக்கிறது’ என்று சொல்லுவோர் பலர். அது நடு மதகு மட்டுமே. ஒலி அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் ஒவ்வொரு செயலிக்கும் தனி அளவு இருப்பது தெரியும். செயலி ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது பட்டியலில் தோன்றும் என்பதால் அழைப்பு முடிந்தபின் தேடினால் அகப்படாது. தம்பியோடு அழைப்பில் இருக்கும்போதே மகள் திறந்து பார்த்தாள். அழைப்பு நடக்கும் இணைய உலாவியின் அளவு 50-இல் நின்றது.

பாதிதானே என்று எண்ண வேண்டாம். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இந்தச் சறுக்கில் 50 என்றால் ஒலியலையின் உயரம் பாதியாவதில்லை. பாதியின் பாதியின் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்காகிறது. நம் செவி ஒலியை உணரும் முறைக்கு ஒத்துவரும்படி அவ்வாறு வகுத்திருக்கிறார்கள். டெசிபல் என்ற ஒலியளவையில் கூறினால் 18 டெசிபல் இறக்கம். வெளியீடு எந்தக் கருவிக்குச் செல்கிறது என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் ஒலி, திரைக்குள் இருக்கும் சிற்றொலிபெருக்கிக்குப் போய்க்கொண்டிருக்கும். இவர்களோ மேசைமேல் உள்ளதைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

உலாவியை 100-க்கு ஏற்றியதும் குரல் தெளிந்தது, ஆயினும் போதவில்லை. முன் துளைக்கும் பின் துளைக்கும் இருந்த வேறுபாடு அப்படியே இருந்தது. எனவே அடித்தளத்து மதகுக்கே போக வேண்டியதாயிற்று. முனையம் எனப்படும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, ‘ஆல்சாமிக்சர்’ என்ற சொல்லைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாகத் தட்டி எண்டர் விசையை அழுத்தினால், நெல் குதிர்களை வரிசையாக நிறுத்தியதுபோல் பத்திகள் தோன்றும். தொடக்கத்தில் ஒரே ஒரு பத்திதான் தெரியக்கூடும். அது கலப்பானின் அளவே அன்றி அட்டையின் அளவன்று. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான ஒலியட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் மாஸ்டர், பிசிஎம், ஹெட்ஃபோன், ஃப்ரண்ட் என்றெல்லாம் பத்திகள் வரும். பெயர்கள் அட்டைக்கு அட்டை மாறும். பத்தியின் அடியில் ‘00’ என்றிருந்தால் வாய் திறந்திருக்கிறது. ‘எம்எம்’ என்றிருந்தால் மூடியிருக்கிறது. எம் விசை அதைத் திறக்கும். ஆல்சாவின் தொடக்க காலத்தில் நிறுவியவுடன் எல்லா வாய்களும் மூடியே இருக்கும். ‘ஒலியே இல்லை’ என்று புலம்பியவர் அந்நாளில் ஏராளம்.

எங்கள் அட்டையில் எல்லாக் குதிர்களும் நிறைந்திருக்க, பின் துளைக்குரிய ஒன்று மட்டும் இறங்கி நின்றது. மேல்வரியில் கழித்தல் குறியோடு 16.50 டெசிபல் என்று காட்டியது. மூலையிலுள்ள ஒலிச் சின்னத்தை எத்தனை முறை ஏற்றினாலும் அது அசையவே இல்லை. சில அட்டைகளில் மேலேயுள்ள மென்பொருள் எல்லாப் பத்திகளையும் தொடுவதில்லை. உலாவியின் 18-உம் இந்த 16.5-உம் சேர 34.5 டெசிபல். சாதாரண உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். காதோடு காதாகப் பேசும் கிசுகிசுப்பு ஏறத்தாழ 30. அறுபதில் முப்பத்து நான்கரை போக மிச்சமென்ன? எங்கள் தம்பி சிங்கப்பூரிலிருந்து வாய்விட்டுப் பேசியதெல்லாம் நன்னிலத்துக் கூடத்தில் கிசுகிசுப்பினும் கீழாகவே வந்து விழுந்திருக்கிறது. அம்மாவின் காதில் இதற்கு என்ன பழுது?

மேலம்பு விசையை அழுத்தி அப்பத்தியைச் சுழிக்கு, அதாவது இழப்பற்ற நிலைக்கு, ஏற்றினாள் மகள். எஸ்கேப் விசையால் வெளிவந்தாள். கணிப்பொறியை முறையாக நிறுத்தினால் இந்த அளவுகள் பெரும்பாலும் தாமே சேமிக்கப்படும். மறுநாள் மீண்டும் இறங்கிவிட்டால், முனையத்தில் ‘சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்’ என்ற கட்டளையைக் கொடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டினால் நிலைபெறும். இவற்றையெல்லாம் தமிழில் படிக்க விரும்புவோர்க்கு 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ என்ற இணைய இதழ் துணையாகும்.

ஒலி அமைப்புகளில் 100-க்கும் மேலே 150 வரை ஏற்ற இடம்கொடுக்கும் ஒரு வசதியும் உண்டு. முதலிலேயே அதைப் பிடித்து ஏற்றியிருந்தால் இத்தனை நடை வேண்டியிருக்காதே என்று தோன்றலாம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. 100 என்பது கரை மட்டம். ஏற்கெனவே நிறைந்து வரும் ஒலியை அதற்குமேல் ஏற்றினால் அலையின் தலைகள் வெட்டுண்டு, குரல் தகரம்போல் கரகரக்கும். மெய்யொலிகள் மங்கிய முதியவர்க்கு அது சத்தமாக இருக்குமே தவிர விளங்காது. மேலும், வீட்டில் இயர்போன் செருகும் பிள்ளைகள் இருந்தால் ஏற்றிய அளவு அவர்கள் காதுக்கும் போகும். 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரத்திற்குமேல் கேட்கலாகாது என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. வேறெல்லா மதகுகளும் முழுக்கத் திறந்தும் போதாதபோது மட்டுமே இந்தக் கூடுதல் வசதியைத் தொடலாம்.

அன்று மாலை அம்மாவை நாற்காலியில் அமர்த்தி ஒரு சிறு தேர்வு வைத்தோம். ‘ஸ்பீக்கர் டெஸ்ட்’ என்றொரு கட்டளை உண்டு. ஒரு பெண் குரல் ‘ஃப்ரண்ட் லெஃப்ட்’ என்று இடப்பெட்டியிலும், ‘ஃப்ரண்ட் ரைட்’ என்று வலப்பெட்டியிலும் மாறி மாறிச் சொல்லும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ‘யாரோ இந்தப் பக்கத்திலேருந்து ஒருத்தி, அந்தப் பக்கத்திலேருந்து ஒருத்தி கூப்பிடுறாளுக. அந்தப் பக்கத்துக்காரி கொஞ்சம் மெதுவா’ என்றார்கள். அந்தப் பக்கம் என்றது வலப்பக்கம். மருத்துவர் சொன்னதும் அதுவேயன்றோ! மகள் இட-வலச் சமநிலையை மாற்ற எண்ணினாள். பிறகு அதைவிட எளிதாக, இரண்டு பெட்டிகளையும் அம்மாவின் இடப்புறமாக, கைக்கெட்டும் தூரத்திற்கு நகர்த்தி வைத்தாள். தூரம் பாதியானால் திறந்தவெளியில் 6 டெசிபல் கூடும். அறைக்குள் சற்றுக் குறைவு. காசு கேட்காத மருந்து. தலைக்குமேல் கடகடத்த மின்விசிறியையும் அந்த அரைமணி நேரத்திற்கு நிறுத்திவிட முடிவாயிற்று. விசிறி இரைச்சல் இளையோர்க்கு ஒரு பொருட்டில்லை. முதியோர் செவியில் அது பேச்சை விழுங்கிவிடும்.

அடுத்த ஞாயிறு அம்மா வரமாட்டேன் என்று உள்ளேயே இருந்தார்கள். பேத்தி ‘அப்பாயி!’ என்று கூப்பிட்ட கூவல் அடுக்களை வரை போயிற்று. அம்மா ஈரக்கையோடு வந்து நின்றார்கள். பல் முளைத்ததா, சளி விட்டதா, புதுப் பள்ளியில் யார் யார் தோழி என்று எல்லாம் கேட்டார்கள். ஒவ்வொன்றிற்கும் மறுமொழி வந்தது. ஒவ்வொரு மறுமொழியிலிருந்தும் அடுத்த வினா பிறந்தது. ‘சரிப்பா, சரிப்பா’ ஒருமுறைகூட வரவில்லை.

நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தபடி, தம்பி மீண்டும் நிலத்துப் பேச்சை எடுத்தார். இம்முறை அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

‘யாரு கேட்கிறா?’

தம்பி சொன்னார்.

‘மாவுக்கு என்ன விலை சொல்றாங்க?’

அதையும் சொன்னார்.

‘அது உங்கப்பா கடைசியா வாங்கின நிலம் தம்பி. தண்ணி கடைசியாத்தான் வரும், ஆனா வராம இருந்ததில்லை. உனக்குப் பணம் வேணும்னா வேணும்னு சொல்லு, என்ன கஷ்டம்னு சொல்லு. சம்பா அறுப்பு முடியட்டும், பிள்ளையையும் கூட்டிக்கிட்டு நேர்ல வா. வரப்புல நின்னு பேசிக்கலாம். அதுவரைக்கும் நான் சரின்னு சொன்னதாக் கணக்கு வைக்காதே.’

அந்தப் பக்கத்தில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு தம்பி தம் கடன் விவரத்தைச் சொல்லத் தொடங்கினார். இத்தனை மாதம் அவர் சொல்லாதிருந்தது. அம்மா இடக்காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மகள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்கள்:

‘பாப்பா, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறை. நம்ம வீட்டுக் கடனு தெருவுக்கெல்லாம் கேட்குது.’